‘ரிவர்ட்’ எழுதும் பிள்ளைகளுக்கு

புனேயின் கோர்படியில் ஒரே கூரைக்குக் கீழே ‘ரிவர்ட்’ என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு இரண்டு பொருள் வழங்குகிறது. டீசல் ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பாவுக்கு ‘ரிவர்ட்’ என்றால் பதவி இறக்கம். ஆபீஸ் ஆர்டரில் அந்தச் சொல் தன் பெயருக்கு நேரே வந்துவிடக் கூடாது என்று சாமிக்கு வேண்டிக்கொண்ட தலைமுறை அது. கராடிப் பக்கம் சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போகும் மகளுக்கோ ‘ரிவர்ட்’ என்றால் பதில் போடுவது. காலையில் லேப்டாப்பைத் திறந்ததிலிருந்து இரவு மூடும் வரை அதைத் தட்டிக்கொண்டே இருக்கிறாள். அப்பா பயந்த சொல், மகளுக்கு வணக்கம் மாதிரி ஆகிவிட்டது.

நான் ரயில்வேயில் பெர்சனல் பிராஞ்சில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, அடுத்தவர்களின் பதவி உயர்வையும் இறக்கத்தையும் டைப் அடித்தே காலம் தள்ளியவன். இப்போதும் சாயங்காலமானால் யாராவது ஒரு பிள்ளை மனுவோ மெயிலோ கொண்டுவந்து, “அங்கிள், ஒருவாட்டி பார்த்துக் கொடுங்க” என்று நீட்டுகிறது. பத்துக்கு ஏழு காகிதத்தில் இந்த ‘ரிவர்ட்’ உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது. எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

1. சொல்லின் வீட்டைத் தெரிந்துகொள்ளுங்கள்.

லத்தீனில் ‘வெர்ட்டெரே’ என்றால் திருப்புதல். அந்தத் தாய்க்குப் பிறந்த பிள்ளைகள் ஆங்கிலத்தில் ஏராளம். நம் யார்டில் நின்றாலே பாதிப் பேரைப் பார்த்துவிடலாம். கோர்படியில் பிரிந்து சாத்தாரா வழியாக மிரஜ் போகும் பாதை ஒரு காலத்தில் மீட்டர் கேஜ். அதை அகலப்பாதையாக மாற்றினார்கள், அது கன்வர்ட். மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தால் வண்டியை வேறு பாதையில் திருப்பிவிடுகிறார்கள், அது டைவர்ட். முன்பு நின்ற லைனுக்கே வண்டி திரும்பி வந்தால், அது ரிவர்ட்.

முதலிலேயே ஒரு சோதனையைக் கையில் கொடுத்துவிடுகிறேன். எதைப் பற்றி எழுதுகிறீர்களோ, அது ‘முன்னால் அங்கே இருந்ததா?’ என்று கேளுங்கள். இருந்தது என்றால் ரிவர்ட் பொருந்தும். இல்லையென்றால் வேறு சொல் தேடுங்கள். 1898இல் 99 வருடக் குத்தகைக்குப் போன நிலப்பகுதியின் கெடு முடிந்து, 1997 ஜூலை 1 அன்று ஹாங்காங் முழுவதும் சீனாவிடம் திரும்பியது. உலகத்துப் பத்திரிகைகள் பலவும் அன்று இந்த வினையை எழுதின. முன்பு சீனாவிடம் இருந்தது, மறுபடி சீனாவிடம் போனது, சோதனையில் தேறிவிட்டது. குடியை விட்டவர் மறுபடி குடிக்கத் தொடங்கினாலும் தேறும். நேற்று வந்த மெயிலுக்கு நீங்கள் இன்று போடும் பதில் தேறுமா? அதற்குப் பிறகு வருகிறேன்.

2. இலக்கணம் கொஞ்சம்தான், ஆனால் அங்கேதான் எல்லோரும் சறுக்குகிறீர்கள்.

ரிவர்ட்டுக்குப் பின்னால் ‘டூ’ வர வேண்டும். அந்த ‘டூ’வுக்குப் பின்னால் பெயர்ச்சொல், அல்லது ‘இங்’கில் முடியும் சொல். பழைய வழக்கத்துக்கு, பழைய பெயருக்கு, பழைய பதவிக்கு என்று நம் நான்காம் வேற்றுமை செய்யும் வேலையை அந்த ‘டூ’ செய்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகத்தில் அதற்குப் பின் வெறும் வினையைப் போட்டுவிடாதீர்கள்.

‘ரிவர்ட் பேக்’ வேண்டாம். ‘ரி’ என்பதிலேயே ‘திரும்ப’ அடங்கிவிட்டது. நம் ஊரில் ‘நடு சென்டர்’ என்கிறோமே, அதே கதை. பேச்சில் போனால் போகட்டும், காகிதத்தில் கூடாது.

இதன் பெயர்ச்சொல் ‘ரிவர்ஷன்’. ‘ரிவர்சல்’ இல்லை. ரிவர்சல் என்பது ‘ரிவர்ஸ்’ என்ற அண்ணன் பெற்ற பிள்ளை. இந்த இரண்டும் குழம்பினால் என்ன ஆகும் என்பதை பேங்க் விஷயத்தில் பார்ப்போம்.

3. ‘பதில்’ என்ற பொருளில் எழுதலாமா?

இதைத்தான் அதிகம் கேட்கிறீர்கள். ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல் அண்ட் ரிவர்ட்’ என்ற வரி இல்லாமல் இந்த நாட்டில் ஒரு நாள் அலுவலும் நடக்காது போலிருக்கிறது. ஆங்கிலம் தெரிந்தவர்கள் இதைப் பார்த்து மூக்கைச் சுளிக்கிறார்கள். அத்தனை சுளிக்க வேண்டியதில்லை என்பது என் கட்சி.

இது வானத்திலிருந்து குதித்த தப்பு இல்லை. ‘அந்த விஷயத்துக்குத் திரும்பி வருகிறேன்’ என்ற பொருளில் வெள்ளைக்கார வக்கீல்களும் கப்பல் தரகர்களும் கடிதத்திலும் டெலெக்ஸிலும் எழுதிவந்த வழக்கம் உண்டு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இன்றைக்கும் அலுவலகக் கடிதத்தில் இது சகஜம். அங்கே இருக்கும் நம் உறவுக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். விஷயத்துக்குத் திரும்புவது நாளாவட்டத்தில் ஆளுக்குத் திரும்புவதாகி, கடைசியில் வெறும் பதிலாகத் தேய்ந்துவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்களே இந்திய வழக்கு என்று குறிப்புப் போட்டு இந்தப் பொருளைச் சேர்த்திருக்கிறார்கள். அப்படியிருக்க, இலக்கணப் போலீஸ் வேலை எனக்கு வேண்டாம்.

என் குறை வேறு. இந்தச் சொல் எழுதுகிறவனைச் சோம்பேறியாக்குகிறது. ‘ப்ளீஸ் ரிவர்ட்’ என்று முடித்துவிட்டால் வேலை முடிந்த மாதிரி ஒரு நினைப்பு. எதைப் பற்றி, எப்போதுக்குள், சம்மதமா இல்லையா, கையெழுத்து வேண்டுமா, பணம் வேண்டுமா, ஒன்றுமே அதில் இல்லை. வாங்கிப் படிக்கிறவனும் ‘நோட்டட், வில் ரிவர்ட்’ என்று ஒரு வரி தட்டிவிட்டுத் தூங்கப் போகிறான். இரண்டு பக்கமும் ரிவர்ட் எழுதியாகிவிட்டது, காரியம் மட்டும் நின்ற இடத்தில் நிற்கிறது.

அதனால் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கை தானாக ரிவர்ட் என்று தட்டும்போது நிறுத்தி, உங்களுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று தமிழில் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். ‘வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் விலையை உறுதி செய்யவும்’ என்பதுதான் மனதில் இருந்தால், அதையே ஆங்கிலத்தில் எழுதுங்கள். கன்ஃபர்ம், ரிப்ளை, ரெஸ்பாண்ட், ‘லெட் மீ நோ’ என்று எத்தனையோ சாது சொற்கள் வேலையில்லாமல் காத்துக் கிடக்கின்றன.

4. ‘ரிவர்ட் மீ’ என்று எந்தக் காலத்திலும் எழுதாதீர்கள்.

இதற்கு எந்த வழக்கும் துணை வராது. ரயில்வேக்காரன் கண்ணுக்கு அது ‘என்னைப் பதவி இறக்கு’ என்றுதான் தெரியும். கேட்டது கிடைத்துவிடப் போகிறது.

5. சாஃப்ட்வேர் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை.

உங்கள் தொழிலில் இந்தச் சொல்லுக்கு அச்சடித்த மாதிரி ஒரு பொருள் இருக்கிறது. கிட் என்ற கருவியில் ரிவர்ட் கட்டளை கொடுத்தால், முன்பு செய்த ஒரு மாற்றத்தை ரத்து செய்யும் புதிய மாற்றம் ஒன்று பதிவாகிறது. பழைய பதிவு அழிவதில்லை. செய்ததும் இருக்கும், ரத்து செய்ததும் இருக்கும். ரீசெட் அப்படியில்லை, வரலாற்றிலேயே கைவைத்துவிடும். எதிர் வீட்டுப் பெண் இதை விளக்கியபோது எனக்கு எங்கள் சர்வீஸ் ரெஜிஸ்டர்தான் ஞாபகம் வந்தது. அதிலும் தப்பான பதிவைச் சுரண்டி அழிக்கக் கூடாது. ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும்.

விஷயம் என்னவென்றால், நீங்கள் ஒரே மெயிலில் இரண்டு பொருளையும் கலக்கிறீர்கள். ‘மாற்றங்கள் குறித்து ரிவர்ட் செய்யவும்’ என்று புனேயிலிருந்து எழுதுகிறீர்கள். அங்கே லண்டனிலோ டப்ளினிலோ இருக்கிறவர், நீங்கள் கருத்து கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்வாரா, மாற்றங்களை வாபஸ் வாங்கச் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்வாரா? வெள்ளிக்கிழமை இரவு அவர் வாபஸ் வாங்கிவிட்டுப் போய்விட்டால் சனி, ஞாயிறு உங்களுக்கு நாசம். கோட் சம்பந்தப்பட்ட மெயிலில் ரிவர்ட் என்றால் ரத்து மட்டும்தான் என்று டீமுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள்.

6. பேங்குக்கு எழுதும்போது ரிவர்ஸ் என்று எழுதுங்கள்.

ஏ.டி.எம்மில் பணம் வரவில்லை, கணக்கில் கழிந்துவிட்டது. “பைசே பரத் ஆலே கா?” என்று கவுண்டரில் மராத்தியில் கேட்கிறார்கள், பணம் திரும்பி வந்துவிட்டதா என்று. ‘பரத்’ என்றால் திரும்ப. அழகான சின்னச் சொல். அதை அப்படியே ஆங்கிலமாக்கி, ‘அமௌன்ட் ரிவர்ட் ஆகவில்லை’ என்று புகார் எழுதிக்கொண்டு வருகிறீர்கள். ரிசர்வ் பேங்க் 2019 செப்டம்பர் 20 தேதியிட்ட சுற்றறிக்கையில் வைத்திருக்கும் பெயர் ‘ரிவர்சல்’. ஏ.டி.எம் பரிவர்த்தனை தோல்வியடைந்தால், அந்த நாள் போக ஐந்து நாளுக்குள் பணத்தைத் தானாகத் திருப்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. மனுவில் தேதியைப் போட்டு, அந்தச் சுற்றறிக்கையைக் குறிப்பிட்டு, ரிவர்சல் என்ற அவர்கள் சொல்லையே எழுதினால் காகிதம் நகரும். அவரவர் பாஷையில் கேட்டால்தான் அவரவர் கதவு திறக்கும்.

7. எம்பிரஸ் கார்டன் பக்கம் போனால் இந்தச் சொல்லை நேரில் பார்க்கலாம்.

பச்சையும் வெள்ளையும் கலந்த இலை உள்ள செடிகள் உண்டல்லவா? நல்ல உரம் போட்டுக் கவனித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கிளை மட்டும் முழுப் பச்சையாகக் கிளம்பும். செடி தன் பழைய ஜாதிக்குத் திரும்புகிறது. ஆங்கிலத் தோட்டப் புத்தகங்களில் இதற்கு ரிவர்ட் என்றுதான் பெயர். பச்சைக் கிளைக்கு வீரியம் அதிகம், விட்டால் செடி முழுவதையும் பிடித்துக்கொள்ளும் என்பதால் தோட்டக்காரர்கள் அதை அடியோடு நறுக்கிவிடுவார்கள். யாரும் திருப்பிவிடாமல், தானே திரும்புவது. இந்த வினையின் சுத்தமான பொருள் இதுதான். சிவில் சர்வீஸ் பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் இந்த உதாரணத்தை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

8. சொத்துப் பத்திரத்தில் இந்தச் சொல் வந்தால் நீங்களே பொருள் சொல்லாதீர்கள், வக்கீலிடம் போங்கள்.

குத்தகை முடிந்தால் நிலம் உரிமையாளருக்கு ரிவர்ட் ஆகும். இது எளிது. ஆனால் நம் பக்கத்துப் பழைய குடும்ப வழக்குகளில் ‘ரிவர்ஷனர்’ என்று ஒரு ஆள் வருவார். அந்தக் கால இந்து சட்டப்படி, பிள்ளை இல்லாமல் இறந்தவரின் சொத்து விதவைக்கு ஆயுள்வரை மட்டும் போகும். அவள் காலத்துக்குப் பிறகு கணவன் வழி வாரிசுக்குத் திரும்பும். அந்த வாரிசுதான் ரிவர்ஷனர். அவள் எப்போது கண்ணை மூடுவாள் என்று காத்திருக்கும் உறவு. சொல்லவே கசப்பாக இருக்கிறது. சிவகங்கை ஜமீன் வழக்கு இதில் பேர்போனது. காத்தம நாச்சியார் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போராடி 1863இல் தீர்ப்பு வாங்கினார். சொத்துக்காக விதவை நேர்மையாக நடத்திய வழக்கின் முடிவு, பின்னால் வரும் ரிவர்ஷனரையும் கட்டுப்படுத்தும் என்பது அந்தத் தீர்ப்பில் நிலைபெற்ற விதி. 1956இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு வந்து, பெண் கையில் இருக்கும் சொத்து அவளுக்கே முழுச் சொத்து என்று ஆக்கியது. அதோடு ரிவர்ஷனரின் பிழைப்பு ஏறக்குறைய முடிந்தது. பழைய பத்திரங்களில் மட்டும் இன்னும் உலவுகிறார்.

கன்டோன்மென்ட் பங்களாக்களில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பழைய கிராண்ட் நிலத்தை அரசு திருப்பி எடுப்பதற்கு ரிவர்ட் என்று எழுத மாட்டார்கள், ‘ரெஸ்யூம்’ என்று எழுதுவார்கள். வேலைக்கு அனுப்பும் ரெஸ்யூமேவும் எழுத்துக்கு எழுத்து அதேதான். ஒன்று வேலை தேடித் தரும், மற்றது வீட்டைக் காலி செய்ய வைக்கும்.

9. ரயில்வே ஆர்டரில் இந்தச் சொல்லைப் படிக்கும் முறை.

இதில் நிதானமாக உட்காருங்கள். எங்கள் பாஷையில் ரிவர்ட் என்பது செயப்பாட்டு வினை. ‘இன்னார் இந்தப் பதவிக்கு ரிவர்ட் செய்யப்படுகிறார்.’ இங்கிலாந்துக்காரன் காதுக்கு இது கொஞ்சம் விநோதமாக ஒலிக்கலாம், இந்தியச் சர்வீஸ் விதிகளில் தாத்தா காலத்து வழக்கம். யார் ரிவர்ட் ஆவார்கள்? தாற்காலிகமாக மேலே போனவர்கள். ‘அட்ஹாக்’ பதவி உயர்வு ஆர்டரைக் கையில் வாங்கியவுடன் இனிப்பு வாங்கப் போகாதீர்கள். கடைசி வரியைப் படியுங்கள். காரணம் சொல்லாமல் எந்த நேரத்திலும் ரிவர்ட் செய்யப்படலாம் என்று அங்கே இருக்கும். உங்கள் ‘லியன்’, அதாவது நிரந்தர உரிமை, எந்தப் பதவியில் இருக்கிறதோ அதுதான் உங்கள் வீடு. திரும்பினால் அங்கேதான் திரும்புவீர்கள்.

இந்த ஒரு சொல்லுக்காகவே உச்ச நீதிமன்றம் வரை போன ரயில்வே ஊழியர் ஒருவர் உண்டு. புருஷோத்தம் லால் திங்ரா. 1924இல் சிக்னலராகச் சேர்ந்து, படிப்படியாக ஏறி, 1950இல் சீஃப் கன்ட்ரோலர் ஆனவர். 1951 ஜூலையில் இரண்டாம் வகுப்பு அதிகாரிப் பதவியில், உதவி சூப்பரின்டெண்டென்ட் ரயில்வே டெலிகிராஃப்ஸ் என்ற நாற்காலியில், அஃபிஷியேட்டிங்காக, அதாவது தாற்காலிகமாக, உட்காரவைத்தார்கள். பின்னால் வந்த ரகசிய அறிக்கையில் மேலதிகாரிகள் குறை எழுதினார்கள். அதைப் படித்த ஜெனரல் மேனேஜர், குறைகளைச் சரிசெய்யும் வரை இவர் கீழ்ப் பதவிக்குத் திரும்பட்டும் என்று குறிப்பெழுதினார். 1953 ஆகஸ்டில் ஆர்டர் வந்தது: ரிவர்ட்.

திங்ரா கேட்ட கேள்வி நியாயமானது. அரசியலமைப்பின் 311ஆம் பிரிவு, ஊழியரை டிஸ்மிஸ் செய்யவோ, நீக்கவோ, தரம் இறக்கவோ வேண்டுமானால் முதலில் அவருக்குத் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடு என்கிறது. என்னைத் தரம் இறக்கினீர்கள், கேட்டீர்களா? 1957 நவம்பர் 1 அன்று ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். தலைமை நீதிபதி எஸ்.ஆர். தாஸ் பெரும்பான்மையின் சார்பில் எழுதினார். அஃபிஷியேட்டிங் ஆளுக்கு மேல் பதவியில் உரிமை கிடையாது. உரிமை இல்லாத இடத்திலிருந்து திரும்புவது தண்டனை ஆகாது. ஆனால் சம்பளம் குறைவது, சீனியாரிட்டி போவது, வருங்கால உயர்வு அடைபடுவது என்று கூடவே வேறு கேடு சேர்ந்து வந்தால், பெயர் ரிவர்ஷன் என்றிருந்தாலும் அது தண்டனைதான். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு, திங்ராவின் விஷயத்தில் தண்டனை இல்லை என்றார்கள். விவியன் போஸ் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. திங்ரா தோற்றார். ஆனால் அவர் பெயரைச் சொல்லித்தான் அதற்குப் பிறகு எத்தனையோ பேர் ஜெயித்தார்கள். ஆர்டரில் எழுதியிருக்கும் சொல்லைப் பார்க்காதே, அதோடு ஒட்டிக்கொண்டு வரும் விளைவைப் பார் என்று வாதாட அது வழி திறந்துவிட்டது. அந்த பெஞ்சில் நம் டி.எல். வெங்கடராம ஐயரும் இருந்தார். முத்துசுவாமி தீட்சிதர் கீர்த்தனைகளில் கரைகண்டு, 1944இல் சங்கீத கலாநிதி வாங்கிய அதே ஆள்.

ஆகவே உங்கள் பெயருக்கு நேரே ரிவர்ட் என்று வந்தால், அழுவதற்கு முன்னால் இரண்டு காகிதத்தைத் தேடுங்கள். மேலே போனபோது கொடுத்த ஆர்டர் ஒன்று, இப்போது வந்த ஆர்டர் இன்னொன்று. முதலாவதில் ‘அட்ஹாக்’ என்று இருக்கிறதா? தேர்வு எழுதி, பேனலில் பெயர் வந்து போனவரா நீங்கள்? அப்படிப் போனவர் 18 மாதத்துக்கு மேல் அந்தப் பதவியில் இருந்துவிட்டால், வேலை சரியில்லை என்று சொல்லி விசாரணை இல்லாமல் இறக்கக் கூடாது என்பது ரயில்வே போர்டின் பழைய உத்தரவு. தண்டனையாக இறக்குவதென்றால் 1968 ஒழுங்கு விதிகளின்படி எஸ்.எஃப் ஃபைவ் என்ற குற்றச்சாட்டுப் படிவம் கொடுத்து, விசாரணை வைத்துத்தான் செய்ய வேண்டும். பாஸ் கட், இன்கிரிமென்ட் கட் போன்ற சின்ன தண்டனைகளுக்குத்தான் எஸ்.எஃப் லெவன். எந்தப் படிவமும் இல்லாமல் ரிவர்ஷன் மட்டும் வந்திருந்தால் யூனியன் ஆபீஸ் படியேறுங்கள்.

10. ஆங்கிலம் புரியாவிட்டால் பக்கத்தில் இருக்கும் இந்தியைப் பாருங்கள்.

எங்கள் ஆர்டர்கள் இரண்டு மொழியிலும் வரும். ‘பதாவனத்’ என்று போட்டிருந்தால் பதவி தாழ்ந்தது என்று அர்த்தம். ‘பிரத்யாவர்த்தன்’ என்றால் திரும்புதல், அவ்வளவுதான். தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் ‘பதவியிறக்கம்’ என்று பட்டென்று சொல்லிவிடுகிறார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும், வாங்குகிறவருக்குப் பிடிக்காது.

11. ஊருக்கு மாற்றல் கேட்டு எழுதுகிறவர்கள்.

கோர்படியில் இந்த வினைச்சொல்லை மனதார விரும்பிக் கையெழுத்துப் போடும் ஒரே கூட்டம் இவர்கள்தான். சென்ட்ரல் ரயில்வேயில் வேலை கிடைத்து வந்துவிடுகிறீர்கள். ஏழெட்டு வருடம் ஓடுகிறது. அம்மாவுக்கு முடியவில்லை, தங்கை கல்யாணம், பிள்ளைக்குத் தமிழ் எழுத வரவில்லை, ஏதோ ஒன்று. திருச்சி டிவிஷனுக்கோ சேலத்துக்கோ ரிக்வஸ்ட் டிரான்ஸ்ஃபர் போட வேண்டும். அதற்குள் நீங்கள் ஒன்றிரண்டு படி ஏறியிருப்பீர்கள். ஆனால் வேறு ரயில்வேக்குச் சொந்த விருப்பத்தில் போக வேண்டுமானால், நேரடியாக ஆள் எடுக்கும் கிரேடில்தான் இடம். கூட்ஸ் ஓட்டும் லோகோ பைலட் மறுபடி அசிஸ்டென்ட் ஆக வேண்டும், டெக்னீஷியன் ஒன்று மறுபடி மூன்றாக வேண்டும். அங்கே போன பிறகும் பாட்டம் சீனியாரிட்டி. நேற்றுச் சேர்ந்த பையனுக்கும் கீழே உங்கள் பெயர். அதற்குச் சம்மதம் என்று எழுதிக் கொடுக்கும் வரியில்தான் இந்த ரிவர்ட் வருகிறது.

எழுதும் முன் மியூச்சுவலுக்கு ஆள் இருக்கிறதா என்று பாருங்கள். அதே கிரேடில், அதே வேலையில், உங்கள் ஊரிலிருந்து இங்கே வர விரும்பும் ஒருவர் கிடைத்தால் ரிவர்ஷன் வேண்டியதில்லை. இரண்டு பேர் சீனியாரிட்டியில் எது குறைவோ அது உங்களுக்கு. ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். நம் பக்கத்திலிருந்து புனேக்கு வர யார் விரும்புவார்கள் என்று கேட்காதீர்கள். மகாராஷ்டிரத்துப் பையன்கள் தெற்கு ரயில்வேயில் இருந்துகொண்டு இதையே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆள் கிடைக்கவில்லை, ரிவர்ஷன்தான் வழி என்றால் வாக்கியத்தை இப்படி அமையுங்கள்: ‘இன்ன டிவிஷனுக்கு மாற்றல் ஆகி விடுவிக்கப்படும் நாளிலிருந்து, இன்ன பதவிக்கு ரிவர்ட் ஆகவும், அங்கே பாட்டம் சீனியாரிட்டி ஏற்கவும் சம்மதம்.’ இதில் உயிர், முதல் பாதியில் இருக்கிறது. அந்தப் பாதியை விட்டுவிட்டு, ‘என்னை ரிவர்ட் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்று மொட்டையாக எழுதிக் கொடுக்கிறவர்கள் உண்டு. ஆபீஸ் என்ன செய்யும்? நீங்கள் கேட்டதைச் செய்யும். இங்கேயே இறக்கிவிடும். அங்கே இடம் காலியாகி, இங்கே ஆள் பற்றாக்குறை தீர்ந்து, ரிலீவ் பண்ணுவதற்குள் வருடங்கள் ஓடலாம். அதுவரை இதே ஷெட்டில், உங்களுக்குக் கீழே இருந்தவனுக்குக் கீழே நின்று வேலை பார்க்க வேண்டும். ஒரு வினைச்சொல்லுக்கு முன்னால் நிபந்தனை வைக்கத் தெரியாததற்கு அது ரொம்பப் பெரிய விலை.

சம்பளம் எந்தக் கட்டத்தில் நிற்கும் என்பதை வாய்மொழியாக நம்பாதீர்கள். பில் செக்‌ஷனில் எழுத்தில் கேளுங்கள். மனைவி அல்லது கணவரிடம் இந்தக் காகிதத்தை ஒரு ராத்திரி வைத்துவிட்டு, மறுநாள் கையெழுத்துப் போடுங்கள். ரயில்வேயின் எச்.ஆர்.எம்.எஸ் இணையதளத்தில் விண்ணப்பம் ஏற்றிய பிறகு பிரிண்ட் எடுத்து வையுங்கள். காகிதமாகக் கொடுக்கும் கடிதம் எதுவானாலும் இரண்டு பிரதி; ஒன்றில் தேதியோடு ரிசீவ்ட் முத்திரை வாங்கிக்கொண்டுதான் படியிறங்க வேண்டும். டிஸ்பாட்ச்சில் இருக்கும் ஆள் டீ குடிக்கப் போயிருந்தால், திரும்பி வரும் வரை பெஞ்சில் உட்கார்ந்திருங்கள்.